வாலை விடாத மூஞ்சூறுக் குட்டிகள்

ஒரு காட்டில் நடுப்பகலிலும் இருட்டுதான். அங்கே அரசாண்ட கருஞ்சிறுத்தை மந்திரம் போட்டுச் சூரியனை மறைத்து வைத்திருந்தது.

அது போதாதென்று, தாய்களின் குரலையெல்லாம் பறித்து, தன் குகையில் ஒரு சுரைக்குடுக்கைக்குள் அடைத்தது. பசி எடுத்தால் அந்தக் குரலிலேயே கூப்பிடும். "கண்ணு, அம்மா இங்கே இருக்கேன், வா." இருட்டில் எந்தக் குட்டி "வந்துட்டேம்மா" என்கிறதோ, அதன்மேல் பாயும்.

மான்குட்டி போனது. முயல்குட்டிகளும் போயின. ஊமையாகிப்போன தாய்கள் சத்தமில்லாமல் அழுதன.

ஒருநாள் அந்தச் சிறுத்தை ராஜா, ஒரு மூஞ்சூறின் வளைக்கு வந்தது.

"உன் குரல் எறும்பு தும்மின மாதிரி இருக்கு. பரவாயில்லை, இதுவும் கிடக்கட்டும்," என்று அதையும் பறித்துக்கொண்டு போனது.

தாய் மூஞ்சூறுக்கு, யார் கூப்பிட்டாலும் போகாதீங்க என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூட வழியில்லை. மூக்கால் முட்டித் தன் வாலைக் காட்டியது. எப்போதும் போல மூத்த குட்டி அம்மாவின் வாலைக் கவ்வியது. அடுத்தது அதன் வாலை. இப்படியே கடைக்குட்டி வரைக்கும். வரிசையாக இரை தேடக் கிளம்பின.

புதருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கடைக்குட்டி, வழி மாறிப் போறியே. இங்கே வா தங்கம்."

தாய்க்குப் பாதி உயிர் போய்விட்டது. அது நான் இல்லை என்று எப்படிச் சொல்லும்? வாலை மட்டும் மெல்ல இழுத்தது. அந்த இழுப்பு கடைக்குட்டி வரைக்கும் போனது. குரல் வந்த பக்கம் திரும்ப இருந்த கடைக்குட்டி, வாயை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பதில் வராததால் ராஜா குத்துமதிப்பாகப் பாய்ந்து முள்ளில் விழுந்தது.

இதைக் கேள்விப்பட்ட முயல் ஓடி வந்தது. "எப்படித் தப்பிச்சீங்க?"

"வாய் நிறைய வாலு இருந்துச்சு மாமா. எப்படிப் பதில் சொல்றது?" என்றது கடைக்குட்டி.

முயல் யோசித்தது. "நாம எல்லாருமே இப்படிப் போனா, அந்தக் குடுக்கை வரைக்கும் போயிடலாமே." பிறகு திரும்பிப் பார்த்தது. "என் துண்டு வாலை யாரு கவ்வ முடியும்?"

"பல்லு இருந்தா கவ்வலாம் மாமா."

ராஜா தூங்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டன. மூக்கால் வழி கண்டு மூஞ்சூறு முன்னே போனது. பின்னால் குட்டிகள், முயல், மான், கரடி, இன்னும் யார் யாரோ.

குகை வாசலில் சருகு நொறுங்கியது. ராஜா விழித்துக்கொண்டது. மானின் குரலில் கூப்பிட்டது. கரடியின் குரலில் கெஞ்சியது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கே பாய்வதென்று தெரியாமல் இருட்டில் சுற்றிச் சுற்றி வந்தது.

அதற்குள் மூஞ்சூறு குடுக்கையைக் கடித்து ஓட்டை போட்டது.

அத்தனை தாய்களின் குரலும் ஒன்றாகப் பீறிட்டது. ஒவ்வொன்றும் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பி வராத பிள்ளைகளையும்தான். அதுவரை ஒவ்வொரு குரலாகவே கேட்டுப் பழகிய ராஜா, காதைப் பொத்திக்கொண்டு காட்டை விட்டே ஓடியது. மந்திரம் கலைந்து வெயில் உள்ளே வந்தது.

"கடைக்குட்டி, இனிமே வாலை விடலாம்டா," என்றது மூஞ்சூறு, தன் சொந்தக் குரலில்.

"மாட்டேன்," என்றது கடைக்குட்டி, வாயைத் திறக்காமலே.

நீதி: கொடியவன் நம் குரலைப் பறித்தாலும், ஒருவரையொருவர் பற்றிய பிடியை விடாதவரை நாம் தோற்கமாட்டோம்.