சேனை வைத்தவள்

"அக்கா, அந்தம்மாவை இனிமே உள்ள விடக்கூடாது."

சொல்லும்போதே ஸ்டெபிக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு சின்னக் குப்பி.

"என்ன அது?" என்றாள் தவமணி. பச்சைப்பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். ஸ்டெபிக்கு வேலை பழக்குகிறவளும் அவள்தான்.

"சீனித்தண்ணி. இடுப்புல செருகிக் கொண்டாந்திருக்கு. விரல்ல தொட்டுப் பிள்ளை வாய்கிட்டப் போயிட்டுது. நான் பாக்கலேன்னா? கையகலப் பிள்ளை அக்கா. ஒரு கிருமி போதாதா?"

"போதும். ஏன் கொண்டாந்தாங்கன்னு கேட்டியா?"

"நல்லா ஏசினேன்."

"கேட்டியா?"

ஸ்டெபி குப்பியின் மூடியை இறுக்கினாள்.

தவமணி எழுந்து போனாள். ஸ்டெபியும் பின்னாலேயே போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையின் தாய் முத்துப்பேச்சி நின்றாள். பெற்ற உடம்பு, நிற்கவே பிடிமானம் வேண்டியிருந்தது. பெட்டியைத் தொடப் பயந்து சுவரைப் பிடித்திருந்தாள்.

"சேனை வைக்க வந்தியா தாயி?" என்றாள் தவமணி.

முத்துப்பேச்சி தலை நிமிராமலே சொன்னாள்.

"பிறந்ததும் நாக்குல இனிப்புத் தொட்டு வைப்பாங்க. வைக்கிறவங்க குணந்தான் பிள்ளைக்கு வரும்பாங்க. இவளுக்கு ஊசியும் குழாயுந்தான். ஒரு ருசியும் அறியாமலே போயிருவாளோன்னு..."



ஸ்டெபி குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சீனித்தண்ணி ஆகாதும்மா," என்றாள் தவமணி. "நீ பீய்ச்சிக் குடுத்த சீம்பால் இருக்கு. வாயில தடவலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. யாரு வைக்கணும், சொல்லு. உன் மாமியாரா, உங்க அம்மாவா? கை கழுவச் சொல்லிக் கூட்டியாறேன்."

முத்துப்பேச்சி மெல்ல விரலை நீட்டினாள்.

ஸ்டெபி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

"நானா? உங்களை அந்த ஏச்சு ஏசினேனே!"

"ஏசினீங்க. ஆனா இவளைத் திருப்பிப் படுக்க வைக்கையில மூச்சை அடக்கிக்கிட்டுல்ல வைக்கீங்க. நான் பாத்துக்கிட்டேதான நிக்கேன்."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. "கோவமும் சேந்து வருமேம்மா!"

"வரட்டும் சிஸ்டர். பொம்பளப் பிள்ளைக்கு வேணும்லா."

ஸ்டெபி போய்க் கை கழுவினாள். போதாதென்று மறுபடியும் கழுவினாள். பஞ்சுக்குச்சியைச் சீம்பாலில் தோய்த்தாள்.

பெட்டிக்குள் கை போனது. பாதியில் நின்றது. ஸ்டெபி முத்துப்பேச்சி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களும் கை கழுவிட்டு வாங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க."

முத்துப்பேச்சி கழுவிவிட்டு வந்தாள். ஈரம் உலர்ந்த பிறகும் கையை நீட்டாமல் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்."

"எனக்குந்தான். பிடிங்க."