பூட்டிய கிணறும் சேற்றுத் தண்ணீரும்

முன்னொரு காலத்திலே, பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மகுடவர்மர் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர். அவர் நாக்கு மட்டும்தான் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஒரு கோடையில் அரசருக்கு வயிற்றுவலி வந்தது. பலாச்சுளையும் தேனும் நெய்யில் பொரித்த பணியாரமும் அடுத்தடுத்து உள்ளே போனால் யாருக்குத்தான் வராது? ஆனால் பணியாரத்தின்மேல் பழி போட அரசருக்கு மனம் வரவில்லை. தண்ணீரின்மேல் போட்டார்.

"ஊரார் எல்லாரும் வாளி விடுகிற கிணற்று நீரை நாமும் அருந்துவதா? அதனால்தான் இந்த வலி!" என்று சபையில் முழங்கினார்.

அரண்மனைக் காரியங்களைக் கவனித்துவந்த அமைச்சர் வல்லபராயர் சட்டென்று எழுந்தார். "மாமன்னா! கோட்டை வாசலில் உள்ள நல்லதண்ணீர்க் கிணற்றைத் தங்களுக்கே உரியதாக்கிவிடுகிறேன். மேலே கல்மண்டபம், நான்கு பக்கமும் சுவர், வாசலுக்கு வெள்ளிப் பூட்டு. வெயில்கூட அந்த நீரைத் தொடாது!"

அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மண்டபம் எழும்பியது. கிணற்றுக்குத் தினமும் பூசை. வல்லபராயரே பூட்டைத் திறந்து, ஒரு கூடை மல்லிகையையும் ரோசாவையும் உள்ளே கொட்டி, ஒரே ஒரு குடம் நீர் மொண்டு, வாசனைக்குப் பன்னீர் கலந்து, மேளதாளத்தோடு அரசருக்குக் கொண்டுபோவார். ஊருக்கு மிஞ்சியது எல்லைப்புறத்துக் குளம்தான். கோடையில் வற்றி, எருமைகள் படுத்துக் கிடக்கிற குளம்.

அந்தச் சபையில் விடங்கன் என்று ஒரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரிக்க வைக்கிற சாக்கில் நாலு உண்மையையும் சொல்லிவைப்பான். அதனாலேயே வல்லபராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

ஒருநாள் விடங்கன் சாப்பிட உட்கார்ந்தான். அவன் மனைவி செங்கமலம் ஒரு செம்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உள்ளே பார்த்தான். கேழ்வரகுக் கூழ் போல இருந்தது.

"கூழ் எதுக்கு? சோறு இருக்கே" என்றான்.

"கூழா? நல்லாப் பாருங்க. அதுதான் குடிக்கிற தண்ணி. குளத்துல இருந்து தூக்கிட்டு வர்றதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுப் பூவாயி புள்ளைங்களுக்கு நேத்துலேர்ந்து வயித்தால போகுது. அழக்கூடத் தெம்பில்லாம கெடக்குதுங்க. ராசாவுக்கு ஒரு வயிறு நோவுதுன்னு ஊரு வயிறெல்லாம் நோவணுமா?"

"நான் என்ன செய்யமுடியும் கமலம்?"

"சபையில எதைச் சொன்னாலும் சிரிக்க வைப்பீங்களாமே. இதையும் சொல்லிச் சிரிக்க வைங்க பாப்போம்."

விடங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. போகிற வழியில் பூவாயி வீட்டை எட்டிப் பார்த்தான். பிள்ளைகள் வாடிய கீரைத்தண்டு போலப் பாயில் கிடந்தார்கள். அதோடு சபைக்குப் போனவன், விகடம் பேச வேண்டிய நேரத்தில் கோபத்தைப் பேசிவிட்டான்.

"அரசே! தாங்கள் அருந்தும் அந்தப் பூட்டுக் கிணற்று நீரைவிட, எருமை புரளும் குளத்து நீரே மேல்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். கிணற்றைப் பூட்டிய பிறகும் அவர் வலி குறையவில்லை. கொஞ்சம் கூடித்தான் இருந்தது. ஆனால் வெள்ளிப் பூட்டுப் போட்ட பிறகு அதை எப்படி ஒப்புக்கொள்வது?

வல்லபராயர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மாமன்னா, விகடகவி வாய் தவறி ஒன்றும் சொல்லமாட்டார். செய்தே காட்டட்டும். நாளை இச்சபையில் அந்தக் குளத்து நீரைத் தங்கள் கிணற்று நீரைவிடச் சிறந்ததாக ஆக்கித் தரட்டும். ஆனால் நீரில் எதையும் போடக்கூடாது. நீரிலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர். "விடங்கா, நீ வென்றால் கேட்டது தருவோம். தோற்றால், சூரியன் மறைவதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்."

விடங்கன் சபையை விட்டு வெளியே வந்தான். நேராக அரண்மனை வைத்தியர் மாசிலாமணியின் வீட்டுக்கு ஓடினான்.

மாசிலாமணி பெரிய படிப்பாளி. ஆயுர்வேதம் முழுக்க அத்துபடி. ஆனால் பயந்த சுபாவம். அரசருக்கு எது பிடிக்கும் என்று தெரியாததால், எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் பதில் சொல்வார்.

"வைத்தியரே, பூட்டுக் கிணற்று நீர் நல்லதா கெட்டதா?"

"நல்லது என்றும் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்."

"ஐயா, நாளைக்கு என்னை நாடு கடத்தப்போகிறார்கள்!"

மாசிலாமணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாளரத்தையும் சாத்தினார். பிறகு அவன் காதருகே குனிந்தார். "வெயிலும் காற்றும் படாத நீர் ஆகாது. பூவும் இலையும் விழுந்து அழுகிய நீர் ஆகாது. இறைக்காமல் தேங்கிக் கிடக்கும் நீர் ஆகவே ஆகாது. இந்த மூன்றும் அந்த மண்டபத்துக்குள்ளே இருக்கின்றன. அரசர் வயிறு எப்படி ஆறும்?"

"இதை ஏன் அரசரிடம் சொல்லவில்லை?"

"சொன்னேனே. சொல்லாத மாதிரி சொன்னேன்."

விடங்கன் தலையில் அடித்துக்கொண்டான். "சரி. சேற்று நீரைக் குடிக்கிற நீராக்க வழி உண்டா?"

"அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தேற்றாங்கொட்டை போதும். கலங்கல் எல்லாம் கட்டிக்கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துவிடும். தெளிந்ததை மட்டும் வடித்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்தால், நோயாளிக்கும் கொடுக்கலாம், குழந்தைக்கும் கொடுக்கலாம். லேசாகச் செரிக்கும்."

"அங்கேதான் இடிக்கிறது. நீரில் எதையும் போடக்கூடாதாம். கொட்டையை எப்படிப் போடுவது?"

"நீரில் யாரப்பா போடுவார்கள்? வெறும் பானையின் உட்பக்கத்தில் கொட்டையைத் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் நீரை ஊற்ற வேண்டும்."

விடங்கன் வைத்தியரை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

மறுநாள் காலை சபை நிரம்பி வழிந்தது. சேவகர்கள் குளத்திலிருந்து ஒரு பெரிய குடம் நிறையச் சேற்று நீரைக் கொண்டுவந்தார்கள். வல்லபராயர் தாமே கூடப் போய், எருமை எழுந்த இடமாகப் பார்த்து மொள்ளச் சொல்லியிருந்தார். விடங்கன் கையில் ஒரு மண்பானை இருந்தது.

"முதலில் பானையைச் சோதிக்க வேண்டும்!" என்றார் வல்லபராயர். பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தட்டினார். குலுக்கினார். அப்படியும் மனம் ஆறாமல் தலையையே உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"அமைச்சரே, உள்ளே என்ன இருக்கிறது?" என்று அரசர் கேட்டார்.

"ஒன்றுமில்லை மாமன்னா. வெறும் பானை" என்று பானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் தலையை வெளியே எடுத்தபோது மூக்கு நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. பார்த்த சேவகர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"சபையோர் கேட்டீர்கள். வெறும் பானை என்று அமைச்சரே சாட்சி சொல்லிவிட்டார்" என்று சொல்லி, சேற்று நீரை அதில் ஊற்றச் செய்தான் விடங்கன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அரசர் வழக்குகள் கேட்டார். வரி கட்ட வந்த சிற்றரசரோடு பேசினார். இடையிடையே பானையை எட்டிப் பார்த்தார். விடங்கனும் பார்த்தான். வெகுநேரம் நீர் அசையாமல், கூழாகவே கிடந்தது. கொட்டையைக் குறைவாகத் தேய்த்துவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. செங்கமலம் மூட்டை கட்டுகிற காட்சிகூடக் கண்முன் வந்துபோனது. உச்சிவேளை நெருங்கும்போது மேல்விளிம்பில் விரற்கடை அளவு தெளிவு தெரிந்தது. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அடியில் கிடக்கும் சேறு மேலிருந்தே தெரிந்தது.

விடங்கன் தெளிந்த நீரை அலுங்காமல் இன்னொரு பானைக்குச் சாய்த்து, முற்றத்தில் மூட்டிவைத்திருந்த அடுப்பில் ஏற்றினான். பாதியாகச் சுண்டியதும் இறக்கி, மூடி ஆறவைத்தான்.

"மோசடி!" என்று குதித்தார் வல்லபராயர். "பானையில் ஏதோ தடவியிருக்கிறான்!"

"தடவினேன். தேற்றாங்கொட்டை. நீரில்தானே போடக்கூடாது என்றீர்கள்? பானையில் தடவும்போது நீர் குளத்தில் அல்லவா இருந்தது? அதோ, கொஞ்சம் தங்கள் மூக்கிலும் இருக்கிறது. அதையும் நீரில் போடாமல் பத்திரமாகவே வைத்திருக்கிறீர்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. வல்லபராயர் அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்தபடி கத்தினார். "சேற்றை எடுத்துவிட்டான்! எதையும் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை!"

"சேற்றை நான் தொடவே இல்லையே. வந்த சேறு அந்தப் பானையிலேயே நிம்மதியாகத் தூங்குகிறது. தண்ணீர்தான் எழுந்து அடுத்த பானைக்குப் போனது."

"காய்ச்சியதில் பாதி நீர் குறைந்துவிட்டதே! அதை யார் எடுத்தது?"

"அது தானாகப் பறந்து போனது. திரும்பி வர வேண்டுமென்றால் சேனாதிபதியை அனுப்பிப் பிடித்துவரச் சொல்லுங்கள்."

சேனாதிபதி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாய்ச்சண்டை போதும்" என்றார் அரசர். "எது சிறந்தது என்று நமது நாக்கு சொல்லட்டும். வைத்தியரே, ஒரு கிண்ணத்தில் பன்னீர் கலக்காத கிணற்று நீர், ஒரு கிண்ணத்தில் இந்த நீர். எது எது என்று எமக்குச் சொல்லாமல் கொண்டுவாரும்."

மாசிலாமணி இரண்டு வெள்ளிக் கிண்ணங்களோடு வந்தார். அரசர் முதல் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. ஒரு வாய் குடித்தார். உடனே கொப்பளித்துத் துப்பினார்.

"சீச்சீ! அழுகல் வாடை! எருமை குளித்த நாற்றம் இதில் அப்படியே இருக்கிறது!"

இரண்டாவது கிண்ணத்தை எடுத்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. கிண்ணம் காலியாகிவிட்டது. "ஆகா! இதுதான் நமது கிணற்று நீர். வயிற்றுக்குள் சாந்தமாக இறங்குகிறது. விடங்கா, நீ தோற்றாய்!"

வல்லபராயர் வெற்றிச் சிரிப்போடு விடங்கனைப் பார்த்தார். விடங்கன் வைத்தியரைப் பார்த்தான். வைத்தியர் தரையைப் பார்த்தார்.

"வைத்தியரே, சபையறியச் சொல்லும். முதல் கிண்ணத்தில் இருந்தது எது?" என்றார் அரசர்.

"அரசே... குளம் என்றும் சொல்லலாம்... கிணறு என்றும்..."

"ஒரே வார்த்தை!" என்று அரசர் இடிபோல் முழங்கினார்.

மாசிலாமணி கண்களை இறுக மூடிக்கொண்டார். "கிணறு!"

சொல்லி முடித்ததும் அவருக்கே வியப்பாகிவிட்டது. தலை இன்னும் கழுத்தின்மேல்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெயிலையும் காற்றையும் சொன்னார், அழுகிய பூவைச் சொன்னார், போகிறபோக்கில் பணியாரத்தையும் சேர்த்துச் சொன்னார்.

அரசர் அப்போதே எழுந்து கோட்டை வாசலுக்கு நடந்தார். சபை முழுவதும் பின்னால் போனது. வெள்ளிப் பூட்டைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த வாடை வந்து எல்லோரையும் இரண்டடி பின்னுக்குத் தள்ளியது. கிணற்றின் மேற்பரப்பில் கறுத்துப்போன மல்லிகையும் ரோசாவும் மெத்தைபோல மிதந்தன.

"இவ்வளவு நாளும் இதையா நாம் அருந்தினோம்?"

"அரசே, பூவைத் தங்கள் கழுத்துக்குப் போட்டிருக்கலாம். அமைச்சர் பக்தி மிகுதியால் வயிற்றுக்கே போட்டுவிட்டார்" என்றான் விடங்கன்.

அரசர் அவனை முறைத்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. முதலில் மீசை துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியெடுத்த வயிறு சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்து வல்லபராயர் மட்டும் சிரிக்கவில்லை.

"விடங்கா, கேள். என்ன வேண்டும்?"

"கூரையைப் பிரித்துவிடுங்கள் அரசே. கதவைக் கழற்றிவிடுங்கள். தூர் வாரியதும் ஊரார் பழையபடி வாளி விடட்டும். நாள் முழுக்க இறைத்தால் நீர் தானே நல்லதாகிவிடும். தங்கள் வயிற்றை ஊரார் கைகள்தான் காக்க வேண்டும்."

"தந்தோம்! தூர் வாரும் வேலையை வல்லபராயரே இறங்கி நின்று முடிப்பார். ஆனால் இது ஊருக்குக் கிடைத்த பரிசு. உனக்கென்று ஒன்றுமே கேட்கவில்லையே!" என்று சொல்லி, தம் தோளில் கிடந்த சரிகைப் பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

விடங்கன் சால்வையை விரலால் தடவிப் பார்த்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அப்படியே நாலாக மடித்து, அப்பொழுதுதான் குளத்திலிருந்து குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்த செங்கமலத்தை நோக்கி வீசினான்.

"கமலம்! நெருக்கமான நெசவு. கிணறு தூர் வாரி முடிகிறவரைக்கும் தண்ணி வடிகட்ட ஆகும். வடிகட்டினதும் காய்ச்சி, முதல்ல பூவாயி வீட்டுக்குக் குடு!"

அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அன்று இரவு அவர் பணியாரம் கேட்கவில்லை, சிரித்துச் சிரித்தே வயிறு நிறைந்துவிட்டது என்று அந்த நாட்டில் சொல்கிறார்கள்.