தண்ணீர்த் தொட்டியும் பச்சைக் கோடும்

இசக்கியம்மாள் இயற்பியல் மூன்றாம் வருடம். கல்லூரியில் எல்லாருக்கும் இசக்கி. அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான், வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஒரே ஒரு தடவை எழுது, கிடைத்தால் போ, கிடைக்கவில்லையென்றால் தாய்மாமா பாத்திரக்கடையில் பில் போட உட்கார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாமா நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்தக் கடையை நினைத்தாலே இசக்கி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நுழைவுத் தேர்வு பிப்ரவரியில். அதன் முதுகிலேயே செமஸ்டர். பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கல்லூரி வகுப்பில் மடிமேல் நுழைவுத் தேர்வுக் கோச்சிங் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். சாயங்காலம் கோச்சிங்குக்குப் போனால், அங்கே உட்கார்ந்து கல்லூரி ரெக்கார்டுக்குப் படம் வரைவாள். இங்கே இருக்கும்போது அது, அங்கே இருக்கும்போது இது. சோற்றைப் பிசையும்போது இரண்டும். இப்படிப் படித்தால் எது மண்டையில் ஏறும், சொல்லுங்கள்.

ஏறவில்லை. கோச்சிங்கில் வைத்த மாதிரித் தேர்வில் படிக அமைப்பைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கல்லூரியில் ஜெசிந்தா மிஸ் போன மாதம்தான் வகுப்பில் அதை நடத்தியிருந்தார். அவர் நடத்தும்போது நம்ம ஆள் மடியில் வேறு புத்தகம். கேள்வியைப் பார்த்து முழித்துவிட்டு, தப்பாக எழுதிவிட்டு வந்தாள். அதே வாரம் கல்லூரித் தேர்வில் எலக்ட்ரானிக்ஸ் பெயில். அழுகையை அடக்கிக்கொண்டு லேபுக்கு வந்தாள்.

லேபில் ஜெசிந்தா மிஸ் இருந்தார். சின்ன வயதுதான், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வளவளவென்று பேசுகிற ஆளும் இல்லை. பிள்ளைகளுக்கு அவரிடம் கொஞ்சம் பயம், நிறையப் பிரியம்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ரெண்டையும் சேத்து இழுக்க முடியல மிஸ். ரெண்டு பேப்பர அரியர் வச்சிட்டு என்ட்ரன்ஸுக்கு மட்டும் படிக்கலாம்னு ராத்திரி தோணுது. காலைல எந்திரிச்சா, அரியர் இருந்தா சீட்டு கெடைச்சும் சேர முடியாதேன்னு பதறுது. அப்ப என்ட்ரன்ஸ விட்டிரலாமான்னு இருக்கு. எத விடட்டும் மிஸ்?"

மிஸ் ஜன்னலோர மேசையைக் காட்டி, போய் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துப் பாதரச விளக்கின் கோடுகளை எடு என்றார். இசக்கிக்குச் சுருக்கென்றது. வாழ்க்கைப் பிரச்சினையைக் கேட்டால் வேலை வைக்கிறாரே என்று மனதுக்குள் பொருமிக்கொண்டுதான் போனாள்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றும் மாயக் கருவி இல்லை. நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதன்மேல் முக்கோணக் கண்ணாடி. ஒரு பக்கத்துக் குழாய் வழியாக விளக்கு வெளிச்சம் உள்ளே வரும். மறுபக்கம் ஒரு தொலைநோக்கி, அதில் கண்ணை வைத்தால் நிறம் நிறமாகக் கோடுகள் தெரியும். அளப்பதற்கு முன்னால் தொலைநோக்கியை ஜன்னல் பக்கம் திருப்பி, தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்று தெளிவாகத் தெரியும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அதன்பிறகு அந்தத் திருகில் கை படக் கூடாது. பட்டால் எல்லாம் முதலிலிருந்து. அந்தக் கல்லூரியில் எல்லாரும் ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்ப்பார்கள்.

இசக்கியும் பார்த்தாள். தொட்டி தலைகீழாக, ஆனால் பளிச்சென்று தெரிந்தது. தொலைநோக்கியைத் திருப்பிக் கொண்டுவந்து, இருக்கிறதிலேயே பளபளப்பான பச்சைக் கோட்டைப் பிடித்தாள். தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியை அதன்மேல் வைத்து, அளவைப் படிக்கக் குனிந்தாள்.

"இசக்கி, தொட்டி தெரியுதான்னு பாத்துக்கோ," என்றார் மிஸ்.

சரி, சோதிக்கிறார்போல என்று அவள் தொலைநோக்கியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தொட்டி இருந்தது. திரும்பி வந்தால் கோட்டைக் காணோம். தேடிப் பிடித்துக் குனிவதற்குள் மிஸ் மறுபடியும் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். போனாள், வந்தாள். அடுத்த தடவை பதற்றத்தில் திருகில் கை பட்டுவிட்டது. கோடு கலங்கிப் பாசிபோல ஆகிவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்தாள். அதற்குள் மற்ற பிள்ளைகள் வந்து, அவரவர் மேசையில் வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு கிளம்பியும்விட்டார்கள். இசக்கி கையில் ஒரு அளவுகூட இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

பச்சைக் கோடு மறுபடி கம்பிக்கு வந்தது.

"தொட்டி?" என்றார் மிஸ்.

இசக்கி நிமிர்ந்துவிட்டாள். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"தொட்டி எங்கயும் ஓடிப் போவாது மிஸ். அதுக்குத்தான் மொதல்லயே வச்சாச்சே. அதுக்கு வச்சதுனாலதான் இந்தக் கோடே தெளிவாத் தெரியுது. சும்மா சும்மா அங்க போய் எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா, நான் எப்ப மிஸ் ரீடிங் எடுக்க?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிஸ்ஸிடம் போய் இப்படியா பேசுவது. மிஸ் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எத விடட்டும்னு கேட்டியே பிள்ள."

"ஆமா மிஸ்."

"தொட்டிய விட்டுட்டியா?"

"இல்ல மிஸ்."

"கோட்ட?"

இசக்கி ஜன்னலைப் பார்த்தாள், தொலைநோக்கியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. வகுப்பில் மடிமேல் விரித்த கோச்சிங் புத்தகமும், கோச்சிங்கில் உட்கார்ந்து வரைந்த ரெக்கார்டுப் படமும் நினைவுக்கு வந்தன.

"இப்பக் கண்ணு முன்னால என்ன நிக்கிது?" என்றார் மிஸ்.

"பச்சக் கோடு மிஸ்."

"அத எடு."