செவலையின் கால் காற்றைச் சொறிந்த கதை

அந்தக் காலத்தில் நாய்க்கு எங்கே அரிக்கிறது என்று நாயே வாய்விட்டுச் சொல்லும். "இங்க இல்ல, இன்னும் கொஞ்சம் மேல" என்று கேட்டு வாங்கிச் சொறிந்துகொள்ளும். இப்போது அது முழிக்கிற முழியை வைத்து நாமாகத் தேட வேண்டியிருக்கிறது. என்ன காலமோ, போங்கள்!

அப்போது ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் போகிற கூட்டம் ஒன்றில் வீராயி என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய நாய் செவலை. மேய்ச்சல் காட்டில் பொழுதுக்கும் இரண்டும் பேசிக்கொண்டே திரியும். எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று செவலை மோந்து பார்த்தே சொல்லும். வீராயிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதெல்லாம் ஒரு நாள்!

அந்தச் செவலைக்குச் சொறி பிடித்தது. முடி கொட்டி, தோல் தடித்து, பக்கத்தில் போக முடியாத வாடை. கிடைக்குத் தலைவரான கீதாரி சடையன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பௌர்ணமிக்கு ஆத்தைத் தாண்டுறோம். அதுக்குள்ள ஆறலைன்னா நாயி இந்தக் கரையிலேயே கிடக்கட்டும். ஆட்டுக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

வீராயிக்குச் சோறு இறங்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, புங்க எண்ணெயில் குழைத்துத் தடவினாள். கையை எடுப்பதற்குள் செவலையின் பின்னங்கால் வந்து வறட்டு வறட்டென்று சொறிந்துவிடும். மருந்தும் போகும், பொருக்கும் போகும், ரத்தம் கசியும்.

"ஏன்டி இப்படிப் பண்ற?"

"நானா பண்றேன் அக்கா? இந்தப் பாழாப்போன காலுல்ல பண்ணுது!"

"உன்னை விட்டுட்டுப் போனா அந்தக் கரையில நான் யாருகூடப் பேசுவேன்?" என்று வீராயி அழுதே விட்டாள்.

செவலைக்குப் பொறுக்கவில்லை. மண்ணில் மூக்கை வைத்துச் சத்தியம் செய்தது: "மனுசக் கை என் மேல இருக்கிறவரைக்கும் என் கால் என் தோலைத் தொடாது. எனக்கு மட்டுமில்லக்கா, என் வம்சத்துக்கே இதுதான்."

அவ்வளவுதான், வீராயி கையை எடுக்கவேயில்லை. மேய்க்கும்போதும், தூங்கும்போதும், சோறு தின்னும்போதும் இடது கை நாயின் மேல்தான். "ஒட்டிப் பிறந்ததுக ரெண்டும்" என்று கூட்டமே கேலி பேசியது. பேசட்டுமே! மருந்து தோலில் தங்கியது. புண் காய்ந்து புதுமுடி துளிர்த்தது.

பௌர்ணமியன்று கீதாரி வந்து உட்கார்ந்தார். "புண்ணு ஆறிருச்சு, ஆனா திரும்பக் கீறிக்கிட்டா மறுபடியும் வந்துரும். நீ கையை எடு, தாயி. நான் சொறிஞ்சு பாக்குறேன். கால் ஒரு தடவை தோலைக் கீறினாலும் நாயி இங்கதான்."

வீராயி மனசில்லாமல் கையை எடுத்தாள். கீதாரி ஐந்து விரலாலும் செவலையின் வயிற்றைச் சொறிந்தார். பின்னங்கால் சடாரென்று எழும்பியது. செவலை கண்ணை இறுக மூடிக்கொண்டது. கால் படபடவென்று அடித்தது, அத்தனையும் காற்றில்! தோலில் ஒரு நகம்கூடப் படவில்லை.

கீதாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்து, ஏத்து. பரிசல்ல உன் நாயை முதல்ல ஏத்து!"

பிற்காலத்தில் நாய்களுக்குப் பேச்சு எப்படியோ மறந்துபோனது. ஆனால் அன்றைக்குச் செவலை கொடுத்த வாக்கினால்தான், இன்றைக்கும் நீங்கள் எந்த நாயின் வயிற்றைச் சொறிந்துவிட்டாலும், அதன் பின்னங்கால் தன் தோலைத் தொடாமல் வெறுங்காற்றைச் சொறிந்துகொண்டிருக்கிறது.