சந்தனம் மணக்கும் மரநாய்

வெண்குன்ற நாட்டில் அன்று ராஜசபை கூடியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கூடினார்கள்!

சபை மண்டபத்துக் கூரையில் ஒரு மரநாய் குட்டி போட்டிருந்தது. முந்தின நாள் ஒரு காவலன் ஈட்டியால் அதை விரட்டப் பார்த்தான். மரநாய் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு பீச்சு பீச்சியது. அவ்வளவுதான். அந்தக் காவலனை அவன் மனைவி இன்னும் வீட்டுக்குள் விடவில்லை.

அரசர் உலகுடையார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தளவாயாரே, எட்ட செய்யலாப்?" என்றார். என்ன செய்யலாம் என்று கேட்கிறாராம்.

தளவாய் அடைக்கலநாதருக்கு வெல்லப்பாகு மாதிரி இழுக்கிற குரல். "பிரபோ... சந்தனம் தெளிப்போம்... எல்லாம் சரியாகிவிடும்..."

குடம் குடமாகத் தெளித்தார்கள். அதுவரை மரநாய் வெறுமனே நாறியது. இப்போது கல்யாணத்துக்குப் போன மரநாயாக நாறியது.

விகடகவி கூத்தன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறாயா?" தளவாய் சீறினார். "நீ விரட்டேன் பார்ப்போம்!"

"ஆபாப்! விரட்டு!" என்று அரசர் பிடித்துக்கொண்டார். கையை எடுத்துவிட்டுத் தெளிவாகவே சொன்னார்: "குட்டி இருக்கிறது, கொல்லக் கூடாது. கிட்டேயும் போகக் கூடாது. நாளைக் காலை அது இங்கே இருந்தால் உன் மூக்கை அறுத்துவிடுவேன்."

"மூக்கு போனால் இந்தச் சபையில் நான் ஒருத்தன்தான் நிம்மதியாக இருப்பேன், மகாராஜா" என்றான் கூத்தன். சொன்னானே தவிர, கை தானாக மூக்கைத் தடவிப் பார்த்தது.

அண்ணாந்து பார்த்தான். உத்தரத்தில் வாழைத்தார்கள் பழுத்துத் தொங்கின. பாதிப் பழங்களில் வெறும் தோல்தான் மிச்சம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குடிகள் கொண்டுவரும் தாரை அரசர் தொடும்வரை யாரும் தொடக் கூடாது. பௌர்ணமிவரை அவர் தொடாவிட்டால் அது தளவாய்க்கு. அதனால் அரசரை அந்தப் பக்கம் திரும்பவே விடாமல் தளவாய் தினமும் அவசரப்படுத்துவார்.

"மகாராஜா, இந்தப் பழங்களைத் தொடப்போகிறீர்களா?" என்று கேட்டான் கூத்தன்.

"இந்த நாற்றத்தில் பழம் வேறா? சீ!"

"அப்படியானால் பௌர்ணமி எதற்கு? தளவாயார் இன்றைக்கே எடுத்துப் போகட்டுமே?"

"ஆகட்டும்" என்றார் அரசர்.

தளவாய்க்கு வாயெல்லாம் பல். ஒரு தார் விடாமல் வண்டியில் ஏற்றினார். வீட்டு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டார். கூத்தன் மண்டபத்துச் சன்னல்களைத் திறந்துவைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தரையைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை. கூரையில் மரநாயும் இல்லை, குட்டிகளும் இல்லை. அரசர் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

அப்போது தளவாய் உள்ளே ஓடிவந்தார். சபையே நாலடி பின்னால் நகர்ந்தது.

"பிரபோ! குட்டிகளைக் கவ்விக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டது! விரட்டப் போனேன்... என் மேலேயே..."

அரசர் அவசரமாக மூக்கைப் பொத்தினார். "கூத்தா, எப்படி இது?"

"நான் கிட்டேயே போகவில்லை, மகாராஜா. சாப்பாடு போன இடத்துக்கு அது போயிருக்கிறது."

"ஐயோ, பழத்தையெல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன்!" என்றார் தளவாய். "முதலில் இந்த நாற்றத்துக்கு ஒரு வழி சொல்லப்பா!"

கூத்தன் ஒரு குடத்தைத் தூக்கி அவர் கையில் வைத்தான். குரலை வெல்லப்பாகாக இழுத்தான்:

"சந்தனம் தெளிப்போம்... எல்லாம் சரியாகிவிடும்..."

அரசர் சிரித்த சிரிப்பில் மூக்கைப் பொத்தவே மறந்துபோனார்.