மஞ்ச லைட்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு

ஒத்தப்பனை மடத்துக் கார்ல ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுது. ஸ்டியரிங்குக்குப் பின்னால, இன்ஜின் படம் போட்ட லைட்டு.

காரோட்டுற ஆவுடையப்பன் சும்மா விடுவாரா? பக்தி முத்துன மனுசன். லைட்டு மேல ஒரு சந்தனப் பொட்டு அப்புனாரு. நடுவுல குங்குமம். லைட்டு மறஞ்சுபோச்சு. காருக்கு நோயும் தீந்துபோச்சு.

பௌர்ணமியன்னிக்குக் காலையில, இன்ஜின அணைக்கும் முன்னாடியே, கார்லேருந்து காய்கறி மூட்டைய இறக்க வந்தாவ மடத்தம்மா. வயசுல ஆவுடையப்பனுக்கு மக மாதிரி. ஆனா அவங்கதான் குரு, இவரு சிஷ்யர். எல்லாருக்கும் 'அம்மா'. அம்மாவுக்கு இவரு 'அண்ணாச்சி'.

"அண்ணாச்சி, இது யாருக்கு வச்ச பொட்டு?"

"பிள்ளையாருக்கும்மா."

"பிள்ளையாரு உள்ளேருந்து மினுங்குதாரே."

ஆவுடையப்பன் தலையச் சொறிஞ்சாரு. "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சாம்மா. மெக்கானிக் சொன்னான். புதுசு மாத்தணும். கடையில மூணு விதம் இருக்கு. எத வாங்கன்னுதான் தெரியல."

"மூணா? சொல்லுங்க, சொல்லுங்க." அம்மா மூட்டைய அப்படியே வச்சுட்டு, அது மேலயே உக்காந்துட்டாவ. புதுசா ஒரு விசயம்னா அவங்களுக்குச் சீனிமிட்டாய்.

"ஒண்ணு கம்பெனி சாமான். காரோட கூடப் பொறந்தது மாதிரி. அடுத்தது டூப்பு. பாக்க அண்ணந்தம்பி மாதிரி இருக்கும், என்னிக்கு ஓடிப்போவும்னு கடைக்காரனுக்கே தெரியாது. மூணாவதுதாம்மா அருமை. ஒரு சின்ன டப்பி. சென்சாரே வேண்டாம். புகை எந்தக் கதியில வந்தாலும் சரி, இன்ஜினுக்கு அது 'எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஆயுசுக்கும் லைட்டு எரியாது."

"யாரு ஆயுசுக்கு? டப்பிக்கா, இன்ஜினுக்கா?"

ஆவுடையப்பன் அதக் கடைக்காரன்கிட்ட கேக்கல.

"எத வாங்கட்டும்மா?"

அம்மா எந்திரிச்சு மூட்டையத் தூக்குனாவ. "வாங்க, பூசணிக்கா நறுக்கணும். இன்னிக்கு ஆளில்ல."

ஆளில்லாமப் போனதுக்குக் காரணமே ஆவுடையப்பன்தான்.

மடத்துச் சமையக்கட்டுல செவந்தின்னு ஒருத்தி. பக்கத்து ஊருலேருந்து டெய்லி பஸ்ஸுல வாறவ. புருசன் மில்லுல கையப் பறிகுடுத்துட்டு வீட்டுல இருக்கான். மடத்து அடுப்பு எரிஞ்சாத்தான் அவ வீட்டு அடுப்பு எரியும். ஆனா வாய் இருக்கே, அது யாருக்கும் வாடகைக்குப் போவாத வாய். பந்தியில உக்காந்து, சோறு கொழஞ்சுருச்சும்பா. கூட்டுல உப்பு எங்கன்னு தேடுவா. பஜனையில சுதி பஸ் ஏறிப் போயிருச்சும்பா. போன வாரம் அம்மா பேசி முடிச்சதும், "இதத்தான போன பௌர்ணமிக்கும் சொன்னிய?"ன்னு கேட்டுப்புட்டா.

ஆவுடையப்பனுக்குத் தாங்கல. இன்னிக்குக் காலையில வாசல்லயே அவள மறிச்சு, "நாளையிலேருந்து வராத, இன்னிக்கும் வேண்டாம்"னுட்டாரு. அவ சமையக்கட்டத் தொறந்து தன்னோட அருவாமனைய எடுத்துப் பழைய சேலையில சுத்திக்கிட்டு, வேப்பமரத்தடியில பஸ்ஸுக்குக் காத்திருந்தா.

அவளுக்குப் பதிலா வந்த ஆளு கொம்பையா. மடத்துலயே தூங்கி மடத்துலயே முழிக்கிறவன். எதக் குடுத்தாலும் 'அமிர்தம்'பான். வெந்நி குடுத்தாலும் அமிர்தம். கடைசியில அவன் பேரே அமிர்தம்னு ஆயிப்போச்சு.

சமையக்கட்டுல வெறகடுப்பு எரிஞ்சுது. பெரிய அண்டாவுல சாம்பார். அமிர்தம் கிண்டிக்கிட்டு நின்னான். அம்மா பூசணிக்காயோட உக்காந்தாவ, ஆவுடையப்பன் எதுத்தாப்புல.

"செவந்திய நீங்கதான் அனுப்புனியளா?"

"ஆமாம்மா. எதுக்கெடுத்தாலும் குத்தம். நம்ம அமிர்தத்தப் பாருங்க, மனசுக்கு எம்புட்டு நிம்மதி!"

அம்மா ஒரு துண்டு நறுக்கினாவ.

"அண்ணாச்சி, அந்தச் சென்சாரு என்னதான் செய்யும்?"

"சைலன்சர் குழாய்க்குள்ள மூக்க நீட்டிக்கிட்டு இருக்கும்மா. புகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடுதா கொறையுதான்னு சொல்லும்."

"பொறந்ததுலேருந்து புகையிலயே கெடக்கு. எது நல்ல காத்துன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆவுடையப்பனுக்கு மொகம் மலந்துபோச்சு. தெரிஞ்ச கேள்வி! "நானும் இதத்தாம்மா மெக்கானிக்கிட்ட கேட்டேன். அதுல ஒரு பாதிதான் புகைக்குள்ள இருக்குமாம். இன்னொரு பாதிக்கு வெளிக்காத்து வந்துக்கிட்டே இருக்கணுமாம். ரெண்டையும் ஒத்துப் பாத்துத்தான் சொல்லும். வெளிக்காத்து வழி அடச்சுக்கிட்டா அம்புட்டுதான், வாய்க்கு வந்ததச் சொல்ல ஆரம்பிச்சிரும்."

அம்மா கை நின்னுபோச்சு. "அட! இம்புட்டுக்கூண்டு சாமானுக்கா?"

"இம்புட்டுக்கூண்டுதான்."

அம்மா நறுக்குன பூசணிக்காய ஒதுக்கி வச்சாவ. அப்புறம் கேட்டாவ, "அமிர்தம், சாம்பார் எப்படி?"

"அமிர்தம்மா!"

அவன் வாயில வச்சுச் சொல்லல. வைக்கவும் கூடாது. அது மடத்து வழக்கம். சாமிக்குப் படைக்காம யாரும் ஒரு சொட்டு ருசி பாக்கக்கூடாது. மூக்க நம்பித்தான் சமையல்.

"உங்க மூக்கு என்ன சொல்லுது அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் நல்லா இழுத்து மூச்சு விட்டாரு. "நல்லாத்தாம்மா இருக்கு."

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு"ன்னாவ அம்மா.

அப்பத்தான் செவந்தி வாசல்ல வந்து நின்னா. கையில சமையக்கட்டுச் சாவி. குடுக்க மறந்துட்டா போல. காலெடுத்து வச்சவ, அப்படியே நின்னுட்டா. மூக்கு சுருங்குச்சு.

"ஏ, சாம்பாரு அடிப்பிடிக்குது! உள்ள மூணு பேரு மூக்க வச்சுக்கிட்டு என்ன செய்யுதிய?"

அமிர்தம் பதறிப்போயி கரண்டிய அடியில விட்டான்.

"கிண்டாத! கிண்டுனா அம்புட்டும் கருகல் வாடை ஏறிரும்! அண்ணாச்சி, மேலாக்க மோந்து வேற அண்டாவுக்கு மாத்துங்க, சட்டுனு!"

ஆவுடையப்பன் பக்தியா அண்டா மேல குனிஞ்சு, மூக்கால மோந்து பாத்தாரு.

"மூக்கால இல்ல அண்ணாச்சி, கரண்டியால!"

அருவாமனையக் கீழ போட்டா. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு அவளே மோந்து மாத்துனா. பாதி அண்டா மாத்தும்போது ரோட்டுல பஸ் ஹாரன் அடிச்சுது. அவ திரும்பிப் பாக்கல. பஸ் போயிருச்சு.

மாத்தி முடிச்சதும் பழைய அண்டாவ எல்லாரும் எட்டிப் பாத்தாவ. அடியில தார் ரோடு மாதிரி இருந்துச்சு. அமிர்தம் அதப் பாத்து வாயத் தொறந்தான். என்ன நெனச்சானோ, மூடிக்கிட்டான்.

படையல் ஆச்சு. பந்தி ஆச்சு. வந்த சனம் ரெண்டு தடவ சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. "காரம் பத்தல"ன்னா செவந்தி.

வெயில் தாந்ததும் ஆவுடையப்பன் ஈரத்துணிய எடுத்துக்கிட்டு காருக்குப் போனாரு. சந்தனத்தத் தொடச்சாரு. சாவியப் போட்டு இன்ஜினக் கெளப்புனாரு. மஞ்ச லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. எறங்கி அம்மாகிட்ட வந்தாரு.

"டப்பி வேண்டாம்மா. கம்பெனி சாமானே வாங்கிருதேன்."

"சரி."

"செவந்தியும் வரட்டும்மா. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'வராதன்னு சொன்ன வாய் எது?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"காட்டுனேன்."

அம்மா சிரிச்சாவ. ஆவுடையப்பனுக்குத் தைரியம் வந்துருச்சு. குருவுக்குப் பிடிச்ச மாதிரி இன்னொண்ணும் சொல்லிரணும்னு ஆசை.

"பாவம்மா அவ. தெனமும் பஸ்ஸுக்கு நின்னு கஷ்டப்படுதா. இன்னிக்கு நம்மாலதான் பஸ்ஸையும் விட்டுட்டா. பின்கட்டுல ஒரு ரூம் சும்மாதான கெடக்கு? புருசனையும் கூட்டிக்கிட்டு வந்து, அமிர்தம் மாதிரி இங்கயே, நம்ம கூடவே இருந்துறட்டுமே?"

"வேண்டாம் அண்ணாச்சி. சாயந்தரம் சாயந்தரம் நீங்களே கார்ல கொண்டுபோயி அவ வீட்டுல விட்டுட்டு வாங்க. விடிஞ்சதும் வெளிக்காத்தோட வரட்டும்."