தலைவர் விரலுக்கு ஒரு தீக்குச்சி

கோவையில் ஒரு கிளப்பின் மாடியில் பொம்மைக் கார் பந்தயப் பாதை இருந்தது. பாதையில் வெட்டிய பள்ளத்தில் காரின் ஆணி இறங்கி ஓடும். கையிலுள்ள விசையை அழுத்தினால் வேகம்; வளைவில் தளர்த்தாவிட்டால் கார் பறந்து விழும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்குத்தான் மீசை நரைத்த ஆட்கள் வாராவாரம் வந்து கத்தினார்கள். விழுந்த கார்களை எடுத்து வைப்பது அமலோற்பவத்தின் வேலை.

கிளப் தலைவர் ரங்கநாயகத்துக்கு விசையைத் தளர்த்துவது கௌரவக் குறைச்சல். அவர் கார் வளைவுக்கு வளைவு பறந்தது. வசவு அமலோற்பவத்துக்கு.

"நான் முழுசா அழுத்துவேன், கார் விழக்கூடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி பாதையப் பேத்துட்டு சீட்டாட மேஜை போட்டுருவேன். நீயும் வீட்டுக்குப் போயிரலாம்."

"ஆகட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் முழுசாக அழுத்தினார். கார் விழவில்லை. பத்துச் சுற்று, இருபது சுற்று. முப்பதாவது சுற்றில் தலைவர் கொட்டாவி விட்டார்.

"என்னம்மா இது, செக்குமாடாட்டம் சுத்துது? காரை என்ன பண்ணித் தொலைச்சே?"

"காரைத் தொடவேயில்லீங்க." விசைப்பிடியைத் திறந்து ஒரு தீக்குச்சித் துண்டை எடுத்துக் காட்டினாள். "உங்க விரலுக்குத்தானுங்க முட்டுக் கொடுத்தேன். இது இருந்தா முக்கால்வாசிக்கு மேல அழுத்த முடியாது. மறுபடி வச்சுரட்டுங்களா?"

கூடம் சிரித்தது. தலைவர் விசைப்பிடியைப் பிடுங்கி அழுத்தினார். முதல் வளைவிலேயே கார் பறந்து அவருடைய காபிக்குள் விழுந்தது.

"என்னத்த வேடிக்கை பார்க்கறே? சீக்கிரம் எடுத்து வையம்மா, இன்னொரு தடவை!" என்று கத்தினார்.

சீட்டாட்ட மேஜைப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவேயில்லை.